கேட் மணியும் கடன் வாங்கும் கழித்தலும்

"நீ வீட்லதானே இருக்கே?" பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் எந்த அம்மாவும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. பக்கத்து வீட்டுக்கு வரும் பார்சலை யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்க வேண்டும். பெரியம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மருந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆடிக் கூழுக்கு எத்தனை பானை, யார் வீட்டுப் பானை என்று கோயில் கமிட்டிக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீடுகள் சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கின்றன, சொந்தங்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள், யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. கேட்டைத் தட்டினால் திறக்க வேண்டும், திறந்தால் டீ போட வேண்டும். இந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கரும்புத் தோட்டத்துக் குடியிருப்புகளிலும், பின்னால் இனவொதுக்கல் ஆட்சியில் வீடு வாசலிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து விடப்பட்ட நாட்களிலும், நம் ஆட்களைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கேட்காமல் வரும் வரவுதான். ஆனால் அந்த வரவு காலை ஒன்பதரை மணிக்கு, பிள்ளை கணக்கின் நடுவில் இருக்கும்போது வந்து நிற்கிறது. அதை என்ன செய்வது என்பதில் நமக்குள் ஒரு தெளிவு இல்லை.

வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனைகள் இரண்டு. ஒன்று: கேட்டைப் பூட்டு, போனை அணை, மணிக்கணக்காகக் கால அட்டவணை போடு. மற்றது: வாழ்க்கை முழுக்கப் பாடம்தானே, வருவதையெல்லாம் பாடமாக்கிவிடு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கும் அம்மா ஒரு மாதத்தில் சொந்தக்காரர்களை இழக்கிறாள். பிள்ளைகளும் தாத்தா, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆண்டி எல்லோரையும் இழக்கிறார்கள். எதையும் பாடமாக்கும் அம்மாவோ பத்தே நாளில் களைத்துப்போகிறாள். பால் பொங்கினால் அடுப்பைத் துடைத்தால் போதும். அதை வைத்துக் கொதிநிலை விளக்கும்போது பிள்ளை காது கொடுப்பதில்லை, அடுப்பும் காய்ந்து கறையாகிறது.

நேரம் போய்விடுகிறதே என்ற பயம் இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அரசுப் பாடத்திட்டமான கேப்ஸ் 1, 2ஆம் கிரேடுகளுக்கு வாரம் 23 மணி நேரமும் 3ஆம் கிரேடுக்கு 25 மணி நேரமும் ஒதுக்குகிறது. அதில் கணிதத்துக்கு மட்டும் 7 மணி நேரம். இந்த எண்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, கேட் மணி அடித்த ஒவ்வொரு முறையும் கழித்துக்கொண்டே வந்தால் மாலைக்குள் மனம் உடைந்துவிடும். வகுப்பறை நேரம் என்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து, புத்தகம் எடுத்து, அமைதியாகும் நேரத்தையும் சேர்த்த கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் இடத்தில் இருபது நிமிடக் கணக்கு நிறைவான பாடம். ஐந்து நிமிடம் போவதால் எதுவும் முழுகிவிடாது. முழுகுவது வேறொன்று. அதற்கு வருவதற்குள் குரங்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

குரங்கு வரும் நேரம்

இங்கே வருவது வெர்வெட் குரங்கு. சாம்பல் உடம்பு, கறுத்த முகம், கூட்டமாக வரும். கூரைத் தகரத்தில் தடதடவென்று சத்தம் கேட்கும்போதே பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். பர்க்லர் கார்ட் கம்பிகளின் இடைவெளி ஆள் நுழையாமல் தடுப்பதற்காக வைத்தது. குரங்குக்கு அது திறந்த வாசல். கொசுவலையைக் கிழித்துவிடும், அதனால் சமையலறை ஜன்னலுக்குக் கனமான கம்பி வலைதான் வேண்டும், அதையும் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். மேசைமேல் பழக்கூடை இருந்தால் அழைப்பிதழ் வைத்ததுபோல. ரொட்டியும் வாழைப்பழமும் மைக்ரோவேவுக்குள்ளோ ஓவனுக்குள்ளோ போக வேண்டும். டர்பன் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த வைப்பிடம். அடுப்பைப் பற்றவைக்குமுன் ஓவனைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையும் கூடவே பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

உள்ளே வந்துவிட்டால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், பின்கதவை அகலத் திறக்க வேண்டும், குரங்குக்கும் கதவுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. முறைத்துப் பார்த்தால் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். மூலையில் மடக்கினால் கடிக்கும். துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலோ தோட்டத்துக் குழாயோ போதும், தண்ணீர் பட்டால் போய்விடும். கையில் எடுத்த ரொட்டியைப் பிடுங்கப் போக வேண்டாம். அன்றைக்கு ரொட்டி அதனுடையது. பாவம் பார்த்து உணவு வைத்தால் மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிற்கும். பெல்லட் துப்பாக்கியால் சுடுகிறவர்களும் உண்டு. அந்தக் கொடுமையைப் பிள்ளைகள் பார்க்கக்கூடாது, செய்யவும் கூடாது.

எல்லாவற்றையும் பாடமாக்காதீர்கள் என்று சொன்ன நானே இதற்கு மட்டும் விலக்குத் தருகிறேன், அதுவும் ஒரே ஒரு நாளைக்கு. கென்யாவின் அம்போசெலியில் இதே இனக் குரங்குகளை வைத்து ராபர்ட் செய்ஃபார்த், டோரதி சேனி, பீட்டர் மார்லர் ஆகியோர் செய்த ஆய்வு 1980இல் வெளியானது. சிறுத்தை, கழுகு, பாம்பு ஆகிய மூன்றுக்கும் இவை வெவ்வேறு எச்சரிக்கைக் குரல் கொடுக்கின்றன. பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டாலே போதும். சிறுத்தைக் குரலுக்கு மரத்தில் ஏறின, கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்துப் புதருக்குள் ஓடின, பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் எழுந்து நின்று புல்லைப் பார்த்தன. ஒரு பிள்ளை குரல் கொடுக்க, மற்றது கேட்டபடி ஓட, பத்து நிமிடத்தில் ஒரு சத்தம் ஒரு பொருளைக் குறிப்பது என்றால் என்ன என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். அடுத்த முறை குரங்கு வந்தால் விரட்டிவிட்டுக் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

165 எங்கிருந்து வந்தது

ஒரு குறுக்கீடு பாடத்துக்கு என்ன செய்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது 302இலிருந்து 147ஐக் கழிக்கும் கணக்கு. 3ஆம் கிரேடில் எண்கள் ஆயிரம்வரை போகின்றன. பத்தின் இடத்தில் பூஜ்யம் இருக்கும்போது கடன் வாங்கிக் கழிப்பதுதான் அந்த வயதில் மிகக் கடினமான படி. சரியான வழி இது. ஒன்றின் இடத்தில் 2 இருக்கிறது, 7 போகாது. பத்திடம் கேட்டால் அங்கே பூஜ்யம். ஆகவே நூறிடம் போய் ஒரு நூறை வாங்கிப் பத்துப் பத்துகளாக மாற்ற வேண்டும். இப்போது 2 நூறு, 10 பத்து, 2 ஒன்று. அதிலிருந்து ஒரு பத்தை எடுத்து உடைத்தால் 2 நூறு, 9 பத்து, 12 ஒன்று. இனிக் கழிக்கலாம்: 5, 5, 1. விடை 155.

முதல் மாற்றம் முடிந்து இரண்டாவது மாற்றம் தொடங்குமுன் கேட் மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா எழுந்து போகிறாள். "வாங்க ஆண்டி, பிள்ளைக்குக் கணக்கு நடக்குது, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். இதற்குள் பிள்ளையின் நோட்டில் இருப்பது 3ஐ அடித்து எழுதிய ஒரு 2, பூஜ்யத்தின் தலையில் ஒரு 10. அவ்வளவுதான். பாதி வேலை இன்னும் பாக்கி என்று அந்தத் தாள் சொல்வதில்லை. அது பிள்ளையின் மனத்தில் மட்டும் இருந்தது, மணிச் சத்தத்தில் கலைந்துவிட்டது. பிள்ளை கடன் வாங்கியாயிற்று என்று நினைத்துக் கழிக்கத் தொடங்குகிறது. 10இல் 4 போனால் 6. 2இல் 1 போனால் 1. ஒன்றின் இடத்தில் 2இல் 7 போகாது, அதனால் 7இல் 2ஐக் கழித்து 5 என்று போட்டுவிடுகிறது. விடை 165.

சிவப்புப் பேனாவோடு பார்க்கிறவர் "பிள்ளைக்குக் கடன் வாங்கவே தெரியவில்லை" என்பார். மறுநாள் முழுப் பாடமும் முதலிலிருந்து நடக்கும். தெரிந்ததையே திரும்பக் கேட்கும் பிள்ளை சலித்துப்போகும், தனக்குக் கணக்கு வராது என்று நம்பவும் தொடங்கிவிடும். உண்மையில் அந்த 165 மணி அடித்ததால் வந்த விடை. அடிக்காத நாளில் அதே பிள்ளை 155 என்று எழுதியிருக்கும். இதைக் கண்டுகொண்ட பிறகு குறுக்கீடுகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். எத்தனை முறை எழுந்தோம் என்பதைவிட, எந்தப் படியில் எழுந்தோம், திரும்பும்போது அந்தப் படி அங்கேயே இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முதல் வேலை, நிற்கக்கூடிய இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது. கடன் வாங்கும் கணக்கில் மாற்றம் முழுதாக முடிந்த இடம் நிற்கத் தகுந்தது, நடுவழி தகாது. மணி அடித்தால் "ஒரு நிமிஷம்" என்பதைக் கேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் பிள்ளையைப் பார்த்துத்தான் அதைச் சொல்கிறோம். இரண்டாவது மாற்றத்தை முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது, வந்தவர் அதைப் பொறுத்துக்கொள்வார். வாசிப்பில் வாக்கியத்தின் முடிவில் நிற்க வேண்டும், திரும்பியதும் பத்தியின் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். விட்ட சொல்லிலிருந்து தொடங்கினால் கதை பிடிபடாது. சொல்வதெழுதுதலில் பாதி வாக்கியம் எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டுப் புதிய வாக்கியம் கொடுப்பது நல்லது. இசிஜூலு, அதாவது ஜூலு மொழி, கேட்கும் பயிற்சியை நடுவில் வெட்டவே கூடாது. அந்த மொழியில் சி என்ற எழுத்து என்றால் நாக்கு பல்லின் பின்னால், கியூ என்றால் மேலண்ணத்தில், எக்ஸ் என்றால் பக்கவாட்டில். இந்தச் சொடுக்கொலிகளின் வித்தியாசம் குக்கர் விசிலுக்கு நடுவில் பிள்ளையின் காதில் ஏறாது. விசில் எண்ணிக்கொண்டே சொல்லித்தர முயல்வதும் வேண்டாம். முதல் விசிலோடு தணலைக் குறைத்து, டைமரில் பத்து நிமிடம் வைத்துவிட்டால் எண்ணும் வேலை இல்லை. கேட்கும் பயிற்சியைக் குக்கர் ஏற்றுமுன்பே முடித்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, படியைத் தாளுக்கு வெளியே பிடித்து வைப்பது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டி வைத்தால் 302 என்பது மூன்று பெரிய கட்டும் இரண்டு தனிக் குச்சியும். நூறைப் பிரித்து நிற்கும்போது மணி அடித்தால், பிரித்த பத்துக் கட்டுகள் மேசையில் கிடக்கும், தனிக் குச்சி இரண்டுதான் இருக்கும். ஏழு எடுக்கப் போன கை தானாக நின்றுவிடும். குச்சிகளைத் தலைகீழாக எடுக்க முடியாது என்பதால் 7இல் 2 என்ற தவறுக்கு வழியே இல்லை. இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்துச் செய்ய வேண்டும், மேசையில் நேராக அல்ல. டீக்கு மேசை வேண்டுமென்றால் தட்டை அப்படியே தூக்கி அலமாரிமேல் வைக்கலாம், குச்சி கலையாது. விளிம்பு உயர்ந்த தட்டாக இருக்கட்டும். தட்டையான தட்டில் கட்டுகள் உருண்டு போகும்.

கணக்கில்லாத பாடங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். அதில் எழுத வேண்டியது அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை. எங்கே நின்றோம் என்று எழுதினால் பிள்ளை அதைப் படித்துவிட்டு யோசித்து உட்கார்ந்திருக்கும். "மூன்றாம் கேள்விக்குப் படம் வரை" என்று இருந்தால் கை உடனே வேலைக்குப் போய்விடும். எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு, அடுத்து படிக்க வேண்டிய வரியில் ஒரு துணி கிளிப்.

இன்னொன்றையும் செய்து பார்க்கச் சொல்வேன். குறுக்கீடு வந்த இடத்தில் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன மணி வரைந்து வைப்பது. வாரக் கடைசியில் தவறுகளைப் பார்க்கும்போது, மணி உள்ள கணக்குகளில் மட்டும் தவறு இருந்தால் திரும்பப் பாடம் நடத்த வேண்டாம். மணி இல்லாத இடத்திலும் அதே தவறு இருந்தால் அது உண்மையான தவறு, குச்சிகளோடு உட்கார வேண்டும். இது நம் ஆறுதலுக்காக மட்டும் இல்லை. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் 51ஆம் பிரிவில் வீட்டுக்கல்விக்கு இடம் தந்தது. அதைத் திருத்திய 2024ஆம் ஆண்டின் பேலா சட்டப்படி மாகாணக் கல்வித் துறையில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையை மதிப்பிட வேண்டும். முதல் கட்டம் 3ஆம் கிரேடோடு முடிகிறது. அன்றைக்குத் தேதி போட்ட நோட்டுகளை அவர் முன்னால் வைக்கும்போது, எந்தத் தவறு எப்படி வந்தது, எப்போது சரியானது என்று பக்கத்தைக் காட்டிச் சொல்ல முடிவது பெரிய பலம்.

பிள்ளையே கொண்டுவரும் குறுக்கீடு

கேட்டுக்கு வெளியிலிருந்து வருவது பாதிதான். மீதி பிள்ளையிடமிருந்தே வருகிறது. "அம்மா, தண்ணி." "அம்மா, பென்சில் முனை உடைஞ்சிடுச்சு." "அம்மா, தம்பி என்னைப் பாக்குறான்." மூன்றாவது புகாருக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துவிடலாம், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து சிரித்த பிறகு கணக்கு லேசாக நடக்கும். ஆனால் இவற்றைச் சேட்டை என்று ஒதுக்குவது சரியில்லை. மூன்று நாள், ஒரு தாளில், கேட்ட நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் குறித்துப் பாருங்கள். நேரம் மாறி மாறி வந்து, வேலை மட்டும் ஒன்றாகவே இருந்தால் அந்த வேலையில்தான் கோளாறு. பார்த்து எழுதுதலில் நாலாவது வரியில் தண்ணீர் கேட்கும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாகம் எடுக்கவில்லை, விரல் வலிக்கிறது. பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு வரி காலையிலும் இரண்டு வரி பிறகுமாகப் பிரிக்க வேண்டும். கணக்கில் எழுந்தால் எண் பெரிதாக இருக்கும், அல்லது பக்கம் நிறையக் கணக்குகள் நெருக்கியிருக்கும். பாதிப் பக்கத்தை வெள்ளைத் தாளால் மூடினாலே பல பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். வேலை மாறினாலும் நேரம் ஒன்றாகவே இருந்தால் பசி, இல்லாவிட்டால் புழுக்கம். பிப்ரவரி டர்பனில் பதினொரு மணிக்கு மேல் பெரியவர்களுக்கே புத்தி ஓடாது. அந்த மாதத்தில் கணக்கை ஏழரைக்குத் தள்ளுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

பென்சில் பிரச்சினைக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். காலையில் ஆறு பென்சிலைச் சீவி ஒரு ரிக்காஃபி காபி டப்பாவில் வைத்துவிட்டு, சீவியைப் பாடம் முடியும்வரை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

தம்பியோ தங்கையோ இரண்டு வயதில் இருந்தால் அவர்களைக் கடைசியாகக் கவனிப்பது தவறான வரிசை. பாடம் தொடங்குமுன் பத்து நிமிடம் முழுதாக அந்தக் குழந்தைக்கு. மடியில் வைத்து ஒரு புத்தகம், ஒரு பாட்டு. வயிறும் மனமும் நிறைந்த குழந்தை அடுத்த கால் மணி நேரம் தனியாக விளையாடும். அதற்கென்று ஒரு பெட்டி: பெரிய பிளாஸ்டிக் மூடிகள், மரக் கிளிப்புகள், காலி டப்பா, தடித்த அட்டைப் புத்தகம். மூன்று வயதுக்குக் கீழ் இருந்தால் பீன்ஸ் பருப்பு, பாசிமணி, பொத்தான் எதுவும் கூடாது, தொண்டையில் சிக்கும். இந்தப் பெட்டி பாட நேரத்தில் மட்டும்தான் இறங்க வேண்டும். நாள் முழுக்கத் தரையில் கிடந்தால் இரண்டாம் நாளே அதன் மதிப்புப் போய்விடும், பலரும் பெட்டி வேலை செய்யவில்லை என்று சொல்வது இதனால்தான்.

தண்ணீர் வண்டியும் பத்தரை மணி டீயும்

சில குறுக்கீடுகளோடு பேரம் பேச முடியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானபோது அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் தண்ணீர் வண்டியை நம்பி இருந்தார்கள். வண்டி வந்துவிட்டது என்று தெருவில் குரல் கேட்டால் எந்தப் பாடமும் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி உள்ள வீடு தப்பிக்கும். இல்லாத வீட்டில் மூடியுள்ள வாளிகளைக் கேட்டருகிலேயே வைத்திருந்தால் தேடும் நேரமாவது மிஞ்சும். லோட் ஷெட்டிங் என்ற முறை வைத்த மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சின்ன யுபிஎஸ்ஸை அலமாரியில் போட்டுவிட வேண்டாம். தெரு மின்பெட்டி பழுதானாலும் இணைய வகுப்பு அறுந்துபோகாமல் அது ரவுட்டரைத் தாங்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பார்த்துவிட்டுச் செருக வேண்டும். பிளக் பொருந்திவிட்டது என்பதற்காகச் செருகினால் ரவுட்டர் போய்விடும். கேட் மோட்டர் மின்சாரம் இல்லாமல் நின்றால் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

மனிதர்கள் வருவதற்கு வேறு வழி உண்டு. "தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று கேட்டில் பலகை மாட்டினால் நம் ஆட்கள் மனம் நோவார்கள், அது நியாயமும்கூட. ஆனால் "பத்தரை மணிக்கு வாங்க, டீ இருக்கு" என்று மாட்டினால் அதைப் படிக்கிறவர் முகம் மலரும். பத்தரை என்றால் உண்மையாகவே பத்தரைக்குக் கேட்டைத் திறந்து, கெட்டிலைப் போட்டு, பிள்ளைகளை வெளியே விளையாட விட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு முறை ஏமாற்றிவிட்டால் பலகை செத்துவிடும், மறுபடி ஒன்பதரைக்கே மணி அடிக்கும். போனுக்கும் இதே ஏற்பாடுதான்: காலை எட்டு மணிக்கே குடும்பக் குழுவில் ஒரு வாய்ஸ் நோட், "அக்கா, பெரியம்மா, பத்தரைக்கு நானே கூப்பிடுறேன்" என்று. பெரியவர்களைக் காத்திருக்கச் சொல்வது நமக்குக் கூச்சம், ஆனால் எப்போது பேசுவேன் என்று நேரம் குறித்துச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மருந்து வாங்கப் போகும் நாளை மாதத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிட்டு, அன்றைக்கு வாசிப்புப் புத்தகத்தை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு போகலாம். வரிசையில் பெரியம்மாவுக்குப் பிள்ளை சத்தமாகப் படித்துக் காட்டினால் அதைவிட நல்ல வாசிப்புப் பாடம் வீட்டில் நடக்காது.

தைப்பூசக் காவடிக்கும், ஐசிபிங்கோ மாரியம்மன் கோயிலின் ஈஸ்டர் திருவிழாவுக்கும் பாடத்தை மொத்தமாக மூடிவிட வேண்டும். அந்த நாட்களில் அரை மணி நேரக் கணக்கு என்பது யாருக்கும் பயனில்லை.

கடைசியில் நிற்கும் பாடம்

இத்தனையும் ஒழுங்கான பிறகும் ஒரு இழப்பு மட்டும் கண்ணில் படாமல் நடந்துகொண்டே இருக்கும். குறுக்கீடு எப்போது வந்தாலும் நாள் பின்னால் தள்ளிப்போகிறது. தள்ளிப்போகும் நாளில் விழுந்துவிடுவது வரிசையில் கடைசியாக இருக்கும் பாடம். நம் வீடுகளில் அது அநேகமாகத் தமிழ். ஆங்கிலமும் கணக்கும் மதிப்பீட்டுக்கு வேண்டும், இந்த நாட்டில் வாழ ஜூலு வேண்டும், தமிழை மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். மாலையில் விருந்தாளி, மழை, களைப்பு. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த வரியைச் செயலாக்குவது வீட்டில் எந்த நேரத்தை அதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தாத்தா பாட்டிகளோடு பேச்சுத் தமிழ் போய்விட்ட வீடுகள் இங்கே எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். இது எனக்கு வலிக்கும் விஷயம்.

அதனால் மணிக்கணக்கான அட்டவணையைக் கழற்றிவிட்டு வரிசை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அந்த வரிசையில் முதலில் தமிழ். காலைப் பலகாரத் தட்டு எடுத்ததும், கேட் மணிக்கும் குரங்குக்கும் முன்னால், பத்தே நிமிடம். முதல் மூன்று நிமிடம் பழைய எழுத்து அட்டைகள். அடுத்த ஐந்து நிமிடம் ஒரே ஒரு புதிய விஷயம். ஆங்கிலம் முதலில் படித்த பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எகரம், ஏகாரம், ஒகரம். கண் இடமிருந்து வலமாகப் போகும்போது 'கெ'யில் கொம்பு முதலில் வருகிறது, ஆனால் சத்தத்தில் அது க்-க்குப் பின்னால் வர வேண்டும். பிள்ளை கொம்பைப் பார்த்து நின்றுவிடும். 'கொ'வில் எழுத்தின் இருபக்கமும் குறி. இதற்குக் கொம்பையும் காலையும் தனி அட்டையில் சிவப்பில் எழுதி, க அட்டையைக் கறுப்பில் எழுதி, பிள்ளையே கையால் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும்: முதலில் க, பிறகு கொம்பு சேர்த்தால் கெ, பிறகு காலும் சேர்த்தால் கொ. பிறகு கொடி, கொட்டை, கொய்யா. கடைசி இரண்டு நிமிடம் அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம், பிள்ளை சொல்லி அம்மா எழுதுவது. நடுவில் யாராவது வந்துவிட்டால் அட்டைகள் அப்படியே தட்டில் இருக்கட்டும், திரும்பி வந்ததும் கறுப்பு அட்டையிலிருந்து மறுபடி அடுக்கினால் போதும். வந்தவர் பெரியம்மா என்றால் அவரையே தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து, கொ-வில் தொடங்கும் சொல் ஒன்று கேட்கலாம். கொத்தமல்லி, கொழுக்கட்டை, கொல்லை என்று அவரிடமிருந்து வரும் சொற்களில் பாதி அட்டைப்பெட்டியில் இருக்காது. அவற்றை அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.